இருபத்திரண்டு அங்குலக் கப்பல்

வல்வெட்டித்துறைக் கடற்கரை றோட்டால் பின்னேரங்களில் நடந்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. முதலில் கருவாடு வரும். அதற்குப் பின்னால் காயப்போட்ட வலை, வலைக்குள் ஊறிக் கிடக்கிற மரப்பட்டைச் சாயத்தின் கைப்பு. எங்கேயோ ஒரு வளவுக்குள் குங்கிலியத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவார்கள். பலகை இடுக்குகளுக்குள் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிற சத்தம் டொக் டொக்கென்று அலையோடு போட்டி போடும். நீங்களும் நானும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த மணலுக்குள்ளால் எத்தனை தரம் போயிருப்போம். அப்போது இதெல்லாம் ஒரு மணமென்றே தெரியாது. ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் அப்புவின் படலையைத் திறந்து உள்ளே போனால் மணம் மாறும். தேன்மெழுகு, சுருட்டு, பழைய பருத்தி நூல், மூலையில் ஒரு சிரட்டைக்குள் ஆறிக் கட்டிபட்ட வச்சிரம். அப்பு என்று நான் சொல்வது அம்மாவின் தகப்பனை. மீசை முளைக்க முதலே கப்பலேறியவர். ரங்கூன், அக்கியாப், காக்கிநாடா, கொச்சி என்று அவர் சொல்லுவார். அவையெல்லாம் நெல்லியடிக்கும் உடுப்பிட்டிக்கும் அங்கால் உள்ள பஸ் தரிப்புகள் என்ற நினைப்பில் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். யாழ்ப்பாணப் புகையிலை கொச்சிப் பக்கம் போகும், அங்கேயிருந்து ஓடு வரும். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வரும். பர்மாவுக்குச் சோளகக் காற்றைப் பிடித்துப் போய் வாடைக் காற்றைப் பிடித்துத் திரும்பவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடா புரளும். ஊர்ச் சிவன் கோயிலைக் கட்டுவித்தவரே ஒரு கப்பற்காரர்தான், திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை. சாமிக்கும் கடலுக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வைத்திருந்த ஊர் அது.

1942இல் பர்மா யப்பான்காரன் கைக்குப் போனது. அரிசியோட்டம் படுத்தது. சண்டை முடிந்த பிறகும் பழைய ஓட்டம் திரும்பவில்லை. யந்திரம் வைத்த வள்ளங்கள் வந்தன, சுங்கத்துக் கெடுபிடி வந்தது. பாய்மரத்துக்குச் சோறு போட ஆளில்லாமல் போயிற்று. அப்பு கரைக்கு வந்துவிட்டார். கரைக்கு வந்த கை சும்மா இருக்குமா? எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அவர் விறாந்தையில் பாயை விரித்து, காலை நீட்டி, மடியில் ஒரு கப்பலை வைத்துக்கொண்டு இருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது அறுந்து, அதற்குப் பதிலாக ஒரு நூல் கட்டியிருக்கும். அந்த நூலும் மெழுகு பூசின நூல்தான்.

கப்பலின் உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேப்பங்கட்டையைப் பிளந்து, உளியால் உள்ளே குடைந்து, வெளியே சீவி, ஏராவை அடியில் பூட்டிவிட்டால் முடிந்தது. அதை அயலில் இருந்த ஓடாவி ஒருவரும் செய்து கொடுப்பார். கயிற்று வேலையை மட்டும் அப்பு ஒருவருக்கும் விடமாட்டார். "உடம்பு ஆர் செய்தாலும் மிதக்கும் மோனை. ஓட வைக்கிறது கயிறு" என்பார்.

அளவு அடிக்குக் கால் அங்குலம். உண்மைக் கப்பலின் ஒரு அடி இங்கே கால் அங்குலமாகும். எங்கள் ஊரில் கட்டின அன்னபூரணி என்ற கப்பல் 89 அடி நீளம், 19 அடி அகலம் என்று ஊரில் சொல்லுவார்கள். ஆகவே அப்புவின் அன்னபூரணி இருபத்திரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அகலம் ஐந்து அங்குலத்துக்குக் கால் குறைவு. ஒரு பலகைக் கட்டிலில் வைத்தால் தலைமாட்டில் இடம் எடுக்கிற அளவு. அவர் எத்தனையோ கப்பல் செய்தார். யார் வந்து கேட்டாலும் கடைசியில் அது அன்னபூரணியாகத்தான் வந்து முடியும்.

பாய்மரத்துக்குப் பனஞ்சிலாகை. வைரம் பாய்ந்த பனையில் ஓட்டம் நேராக இருக்கிற துண்டாகப் பார்த்து எடுப்பார். முதலில் நாலு பக்கம். பிறகு நாலு மூலையையும் சீவி எட்டுப் பக்கம். பிறகு பதினாறு. அதன் பிறகுதான் உருட்டல். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் மேலிருந்து கீழாகச் சுரண்டுவார். முடி முடியாகச் சீவல் விழும். ஆச்சி அதைக் கூட்டி அடுப்புக்குக் கொண்டுபோவா. "நேராய் உருட்டத் தொடங்கினால் மரம் வாழைக்காயாய் வரும். மூலை மூலையாய்க் கொல்லவேணும்" என்று அப்பு சொல்லிக்கொண்டே சுரண்டுவார். அடியில் பருமன், நுனிக்குப் போகப்போக மெலிவு. ஒரு மரத்துக்கு மேல் இன்னொரு மரம், அதற்கும் மேல் இன்னொன்று. ஒவ்வொரு பொருத்திலும் ஒரு சிறு தட்டு. நட்டுப் பார்க்கும்போது மரம் செங்குத்தாக நிற்கக்கூடாது. பின்னுக்குக் கொஞ்சம் சாய்ந்திருக்கவேண்டும். எவ்வளவு என்று அவர் அளந்ததை நான் காணவில்லை. முற்றத்தில் இறங்கி, ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு, படலைப் பக்கமிருந்து பார்ப்பார். "ம்" என்றால் சரி.

இனித்தான் எங்கள் வேலை வரும். கயிறு திரித்தல்.

கடையில் விற்கிற தையல் நூலை அப்பு தொடமாட்டார். நைலோன் வலை வந்த பிறகு பழைய பருத்தி வலைகள் கொட்டில்களில் மூலைக்குப் போய்விட்டன. அவற்றைப் பிரித்து நூலெடுப்போம். உப்பும் சாயமும் ஊறின நூல், விரலில் கறை பிடிக்கும். முருங்கை மரத்தில் மூன்று கொக்கிகளை அறைந்து மூன்று இழைகளை மாட்டுவார். மறுமுனை கிணற்றடித் தூணுக்குப் பக்கத்தில், துறப்பணத்தின் வாயில் பூட்டின ஒரு கொக்கியில். ஒவ்வொரு இழையையும் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கவேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து மற்றப் பக்கமாக முறுக்கவேண்டும். ஒன்று அவிழப் பார்க்கும், மற்றது விடாது. அந்த இழுபறியில்தான் கயிறு நிற்கிறது. போத்தல் தக்கையில் மூன்று வெட்டு வெட்டி, இழைகளுக்கு நடுவில் கொடுத்துப் பிடிப்பது என் வேலை. மச்சாள் துறப்பணத்தைச் சுற்றுவாள். முறுக முறுக நீளம் குறையும். தூணடியில் இருந்தவள் அடி அடியாக முருங்கைப் பக்கம் நகர்ந்து வருவாள். "இழுக்காதை, வரவிடு, வரவிடு" என்று விறாந்தையிலிருந்து குரல் வரும். சுற்றி முடிந்தால் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டும் தேத்தண்ணியும். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியை உறிஞ்சுகிற அந்தச் சத்தத்துக்கே முற்றத்துக் கோழி ஓடிவரும்.

பருமன் ஒன்றல்ல, நாலைந்து. நங்கூரத்துக்கு ஆலாத்து, பாய்மரத்தைப் பிடிக்கிற கயிறு, பாயை இழுக்கிற கயிறு, ஏணிப்படிக்கு மயிரிழை என்று வகை வகையாக ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் சுருட்டி வைத்திருப்பார். ஆச்சியின் ஊசிகள் காணாமற்போய் அந்த ரின்னுக்குள் பிறவியெடுக்கும். ஊசிக் காதின் நுனியை அரத்தால் தேய்த்துத் திறந்துவிட்டால் குட்டிக் கவட்டை. கயிற்றை இடுக்குகளுக்குள் தள்ள அதைப்போல வேறொன்றில்லை. குடைக்கம்பியின் நுனியை வளைத்தால் கொக்கி. ஆச்சி ரின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "கப்பலோட்டின காலத்திலையும் வீட்டுச் சாமானைத்தான் கொண்டுபோனவர்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லுவா. அப்புவுக்கு அந்த நேரம் மட்டும் காது கேளாது.

ஒரு நாள் நான் கேட்டேன்: "அப்பு, இந்தக் கயிறெல்லாம் ஏன் கறுப்பு, அதுகள் ஏன் மண்ணிறம்?"

"நிற்கிற கயிறு கறுப்பு. ஓடுற கயிறு மண்ணிறம்."

"ஏன்?"

"நிற்கிறதுக்குக் கீல் பூசுறது. மழையும் உப்பும் ஏறாது. ஓடுறதுக்குக் கீல் பூசினால் கப்பிக்குள்ளை ஒட்டும், கையிலையும் ஒட்டும். பிறகு எப்பிடி ஓடும்?"

கப்பலில் கீல். இங்கே சிரட்டைக் கரியை அரைத்துப் பிசின் தண்ணீரில் கலந்து பூசுவார். காய்ந்த பிறகு தேன்மெழுகுக் கட்டிக்கு மேலால் கயிற்றை இழுத்து, விளக்குச் சுவாலைக்குப் பக்கத்தால் ஒரு நொடி கொண்டுபோவார். எழும்பி நின்ற பூஞ்சு எல்லாம் பொசுங்கிக் கயிறு மினுங்கும். அந்த நேரம் வீட்டுக்குள் வருகிற மணம் கோயிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு மணம். இப்போதும் எங்காவது மெழுகுதிரி அணைத்தால் நான் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.

நிற்கிற கயிறு முதலில், ஓடுகிற கயிறு பிறகு. கீழே முதலில், மேலே பிறகு. உள்ளே முதலில், வெளியே பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் கடைசியில் கை போகாத இடத்தில் ஒரு முடிச்சு மிஞ்சும். மரத்தின் இரண்டு பக்கமும் பிடிக்கிற பக்கக் கயிறுகள் சோடி சோடியாகப் போகும். ஒரு நீளக் கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் ஒரு கண் கட்டி, அந்தக் கண்ணை மரத்தின் தலையில் மாலையாகப் போடுவார். வலப் பக்கத்து முன் சோடி முதல். அதற்கு மேல் இடப் பக்கத்து முன் சோடி. பிறகு திரும்ப வலம், திரும்ப இடம். எல்லாம் விழுந்த பிறகு, எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற கயிற்றின் கண். அப்பு ஒவ்வொரு கண்ணைப் போடும்போதும் மரத்தின் தலையை விரலால் தொட்டுக்கொள்ளுவார்.

பக்கக் கயிற்றின் கீழ் நுனியில் உழுந்தளவு வட்டக் கட்டை, அதில் மூன்று கண். அதற்கு நேர் கீழே கப்பல் ஓரத்தில் இன்னொரு கட்டை, அதிலும் மூன்று கண். இரண்டையும் ஒரு சிறு கயிறு மேலும் கீழுமாகக் கோத்து இழுக்கும். கயிறு தளர்ந்தால் அதை இறுக்கினாற் போதும். கட்டைகளைச் சிரட்டையில் அறுத்து எடுப்பார். சிரட்டை பிளக்காது, தேய்க்கத் தேய்க்கக் கறுத்து மினுங்கும். மேற்கட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்பது பெரிய கண்டிப்பு. அதற்கென்று ஒரு கம்பியை இரண்டு பக்கமும் வளைத்து வைத்திருந்தார். கம்பியின் ஒரு முனை கீழ்க்கட்டையின் கண்ணில், மறுமுனை மேற்கட்டையின் கண்ணில். கயிற்றைக் கட்டி முடியுமட்டும் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் கழற்றி அடுத்த சோடிக்குப் போகும். கம்பியைக் கழற்றித் தருவதற்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பேன். என் மூக்கில் சுருட்டு மணம், காதில் அவருடைய மூச்சு.

ஏணிப்படிதான் பொறுமைக்குச் சோதனை. கப்பலில் படிக்குப் படி ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. இங்கே கால் அங்குலமும் ஒரு மயிரும். கோடு கிழித்த மட்டையொன்றைக் கயிறுகளுக்குப் பின்னால் செருகி, கோட்டுக்கு மேல் கோடாகக் கட்டிக்கொண்டு போகவேண்டும். ஓரத்துக் கயிறுகளில் சிறு கண். நடுக் கயிறுகளில் இரட்டைச் சுருக்கு. முடிச்சை இறுக்கலாம், படியை இழுக்கக்கூடாது. இழுத்தால் பக்கக் கயிறுகள் உள்ளே வளைந்து கப்பலுக்கு இடுப்பு ஒடுங்கிவிடும். அப்பு ஒரு வரி கட்டுவார், பிறகு நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த வரியை முதல் வரிக்குப் பக்கத்தில் கட்டமாட்டார். நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தாவித் தாவிக் கட்டுவார். இழுவை ஒரே இடத்தில் சேராமல் இருக்க அது வழி. ஏழெட்டு வரி முடிந்தால் அன்றைக்குப் போதும். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கி, "இனிப் பின்னேரம்" என்று எழும்புவார். பின்னேரம் என்றால் அவருக்கு அடுத்த நாள் காலையாகவும் இருக்கலாம்.

தை பிறந்தால் எல்லாம் நின்றுவிடும். பொங்கலன்று கடற்கரையில் பட்டம். ஊர்ப் பெடியள் ஆளுயரப் பட்டங்களைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுவார்கள். வாடை நின்று வீசும். விண் கட்டின பட்டம் மேலே போய்க் கூவத் தொடங்கினால் அந்தக் கூவல் இரவிரவாக நித்திரைக்குள்ளும் கேட்கும். எங்களுக்குப் பட்டத்தின் முச்சைக் கயிறு கட்டித் தருவது அப்புதான். முச்சையின் மேல் கயிறு ஒரு விரலளவு கூடினால் பட்டம் சோம்பும், குறைந்தால் தலைகுத்தும். காற்றுக்கு முகத்தை எவ்வளவு கொடுக்கவேண்டும், எவ்வளவு மறைக்கவேண்டும் என்று அவருடைய கை அறியும். குறுக்கு மரத்தைத் திருப்பிப் பாய்க்குக் காற்றுக் கொடுத்த கையல்லவா. அது எனக்கு அப்போது ஓடவில்லை. பட்டம் ஏறினாற் சரி என்று நினைத்த வயது.

மாசி பங்குனியில் திரும்ப விறாந்தை. இனி ஓடுகிற கயிறுகள். குறுக்கு மரங்களான பருமல்களை ஏற்ற ஒன்று. காற்றுக்குத் திருப்ப இரண்டு நுனியிலும் இரண்டு. பாயின் கீழ் மூலைகளை இழுத்துப் பிடிக்கத் தாமான். பாயைச் சுருட்டி மேலே தூக்க நாலைந்து. பார்ப்பவர்களுக்கு அது சிலந்தி வலை. அப்புவுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு வேலை, கப்பல் ஓரத்தில் ஒரு முளை. எந்தக் கயிறு எந்த முளையில் கட்டவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். "கண்ணாடிக்குள்ளை வைக்கிற கப்பலுக்கு ஏனப்பு இவ்வளவு?" என்று மச்சாள் ஒரு நாள் கேட்டாள்.

அப்பு கையை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இரவிலை, மழையுக்கை, கண்ணுக்கு முன்னாலை கை தெரியாது பிள்ளை. கப்பலோட்டுற தண்டையல் கத்துவார். கத்தினது காத்திலை பாதி போயிடும். அந்த நேரம் கை போற இடத்திலை கயிறு இருக்கவேணும். இல்லாட்டி பிழையான கயிறை அவிட்டுவிடுவாய். பிழையான கயிறை அவிட்டால் ஒரு ஆள் கடலிலை."

அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஒரு ஆள் யார் என்று அவரும் சொல்லவில்லை.

கப்பல் முடிந்தாலும் கயிறுகள் முடியாது. ஐப்பசியில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறினால் பருத்திக் கயிறு முறுகி இறுகும். சித்திரை வெயிலில் தளரும். அப்பு கண்ணாடி அலுமாரியைத் திறந்து, முன்னுக்கு நிற்கிற கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்து, "இரவைக்கு மழை" என்பார். ஆச்சி கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கப் போவா. மழைகாலத்தில் இறுகி நிற்கும்போது ஒரு நாளும் கயிற்றை மேலும் இழுக்கக்கூடாது, மரம் வளைந்துவிடும். இறுகுவதற்கும் இடம் வைத்துத்தான் கட்டவேண்டும் என்பார். வீட்டில் வானொலி இருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டு வானிலை அறிக்கை அந்த அலுமாரிக்குள்தான் இருந்தது.

ஏன் எப்போதும் அன்னபூரணி என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் ஊர் மேத்திரிமார் வேப்ப மரத்தில் கட்டின இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. உலகைச் சுற்றிப் பாய்க்கப்பலோட்டின அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். மனைவியின் பேரால் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பேர் மாற்றினார். 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து பாய் விரித்து, சூயஸ் தாண்டி, மத்தியதரைக் கடல் தாண்டி, ஜிப்ரால்டர் தாண்டி, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் போய் நின்றது. கொண்டுபோனவர்கள் எங்கள் ஊரவர்கள், தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு போனவர்களும். அப்பு அந்த ஓட்டத்தில் போகவில்லை. போனவர்களைத் தெரியும். புறப்பட்ட அன்று கரையில் நின்றவர். அந்தக் கப்பலின் கயிற்றைத் தொட்ட கை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

சில வருடங்களுக்கு முன் நான் குளொஸ்டருக்குப் போனேன். நான் இப்போது இருக்கிற கனடாவிலிருந்து காரில் போகிற தூரம்தான். கடற்கரையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கடலோடியின் சிலை இருக்கிறது, கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக 1920களில் வைத்தது. மேட்டில் போர்த்துக்கேய மீனவர்களின் மாதா கோயில். கோபுரங்களுக்கு நடுவில் மாதா நிற்கிறா, இடக் கையில் பிள்ளைக்குப் பதிலாக ஒரு பாய்க்கப்பல். உள்ளே போனால் சுவரில் மாதிரிக் கப்பல்கள். நான் சாமி கும்பிடவில்லை, பக்கக் கயிறுகளைத்தான் பார்த்தேன். படிகள் ஒரே மட்டம். இடுப்பு ஒடுங்கவில்லை. அங்கேயும் யாரோ ஒரு அப்பு விறாந்தையில் இருந்து கட்டியிருக்கிறார். துறைமுகத்தில் மீன் மணம், ஐஸ் பெட்டி, டீசல். குங்கிலியம் காய்ச்சுகிற மணம் இல்லை. எங்கள் ஊரிலும் இப்போது இல்லை.

அப்பு எண்பதுகள் பிறக்க முதலே போய்விட்டார். அலுமாரியில் ஒரு கப்பல், பிஸ்கற் ரின்னுக்குள் பாதிக் கயிறு. 1987 வைகாசியில் எங்கள் வடமராட்சிப் பகுதியில் ஷெல் விழத் தொடங்கியபோது கையில் அகப்பட்டதோடு ஓடினோம். பாஸ்புத்தகம், நகை, ஒரு பை அரிசி. கப்பலை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது விறாந்தைக் கூரை இல்லை. அலுமாரிக் கண்ணாடி நிலமெல்லாம். கப்பல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, பெரிய மரம் பொருத்தில் முறிந்திருந்தது. அம்மா அதை ஒரு சேலைத் துண்டில் சுற்றிப் பரணில் வைத்தா. அடுத்த இடப்பெயர்வில் அந்தப் பரணும் போயிற்று. அயலில் அப்பு செய்து கொடுத்த வேறு கப்பல்கள் இருந்தன. எந்த வீட்டில் எது மிஞ்சியது என்று கேட்க, அந்த வீடுகளில் இருந்தவர்களைத் தேடினால் ஒருவர் நோர்வேயில், ஒருவர் திருச்சியில், ஒருவர் இங்கே இரண்டு பஸ் தள்ளி.

என் பேரனுக்குப் பத்து வயது. போன நத்தாருக்கு யாரோ அவனுக்கு ஒரு கப்பல் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். திறந்தால் எல்லாம் அளவாக வெட்டி அடுக்கியிருக்கிறது. விலா எலும்புகள் லேசரில் வெட்டினவை, கட்டைகளில் மூன்று கண்ணும் தயாராக. கயிறு மூன்று றீல், கறுப்பு ஒன்று, மண்ணிறம் இரண்டு. படப்புத்தகத்தில் ஒவ்வொரு முளைக்கும் ஒரு இலக்கம். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். பெடியனும் கெட்டிக்காரன், இலக்கத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டே போகிறான். படிக்கயிறு கட்டும்போது மட்டும் நான் பக்கத்தில் இருக்கிறேன். தாவித் தாவிக் கட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டான்.

"அம்மப்பா, இந்த இருபத்தேழாம் நம்பர் கயிறு என்னத்துக்கு?"

"பாயைச் சுருட்டித் தூக்க. காத்துக் கூடினால் இழுக்கிறது இதைத்தான்."

"இதிலை பாயே இல்லையே?"

பெட்டியில் பாய் தரவில்லை. வெறும் பருமல்கள்தான். காற்றில்லாத கப்பல். அந்தக் கயிறு நைலோன் கலந்தது, மழைக்கும் இறுகாது, வெயிலுக்கும் தளராது. ஒருமுறை கட்டினால் கட்டினதுதான். மணக்கவும் மாட்டாது. அவன் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிளாஸ்ரிக்" என்றான். நான் தேன்மெழுகுக் கட்டி ஒன்று வாங்கிவந்து கயிற்றை அதற்கு மேலால் இழுத்துக் காட்டினேன். மெழுகுதிரிக்குப் பக்கத்தால் கொண்டுபோனபோது சுருங்கிப் போயிற்று. இது பூஞ்சு பொசுங்குகிற கயிறில்லை, உருகுகிற கயிறு. அவன் சிரித்தான். அடுத்த கிழமை கடையொன்றில் பருத்தி நூல் தேடிப் பிடித்தேன். சமையலறைக் கதவுக் கைப்பிடியில் கொக்கி, மறுமுனையில் மின் துறப்பணம். அவன் சுற்றினான், நான் தக்கையைப் பிடித்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, ஊசியெல்லாம் எங்கை?" என்று கேட்டாள்.

ஊரில் இப்போதும் பொங்கலுக்குப் பட்டம் ஏறுகிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அன்னபூரணி பற்றியும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எத்தனை அடி, எந்தத் துறை, எந்தத் தேதி என்பதெல்லாம் இனித் தொலையாது. கப்பலை யார் கட்டினது, யார் ஓட்டினது என்பதும் தொலையாது. எந்தக் கயிறு எந்த முளையில் என்பதுதான் தொலைந்துகொண்டிருக்கிறது. அது புத்தகத்தில் ஏறாத படிப்பு. கையிலிருந்து கைக்குப் போகவேண்டியது. நடுவில் இரண்டு தலைமுறை ஓடிக்கொண்டிருந்ததால் கை எட்டவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில், அல்லது உங்கள் பெரியம்மாவின் வீட்டில், பழைய கப்பலொன்று அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடக்கிறதா? இருந்தால் துணியால் துடைக்காதேங்கோ, கயிறு அறும். மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். தளர்ந்த கயிற்றை இழுத்து இறுக்காதேங்கோ, மழைகாலத்தில் அதுவே இறுகும். மரம் முறிந்திருந்தால் ஒட்டுவதற்கு முதல், எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று நாலு பக்கமும் படம் எடுங்கோ. எடுத்த படத்தைக் கொண்டுபோய், கப்பலோட்டினவரின் பிள்ளையோ மருமகனோ ஊரிலோ இங்கேயோ இருந்தால் காட்டி, ஒவ்வொரு கயிறும் என்னத்துக்கு என்று கேட்டு எழுதி, அந்தக் கடதாசியைக் கப்பலுக்கு அடியிலேயே வைத்துவிடுங்கோ. எழுபது எண்பது வயதுக்காரர் சிலருக்கு இன்னும் தெரியும். இந்த வருடமே கேளுங்கோ.